பழைய மரம், பழைய கம்பளி: பிரிமிட்டிவ் வீடு பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவுக்குக் குடிவந்த இரண்டாவது வருடம், ஒரு பண்ணை வீட்டு வாசலில் நடந்த யார்டு சேலில் 15 டாலருக்கு ஒரு பைன் மரப் பெட்டி வாங்கினேன். மூடியின் முன்விளிம்பு நடுவில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனையோ பேர் அதே இடத்தில் கை வைத்துத் திறந்திருக்கிறார்கள். அந்தத் தேய்மானத்தைத் தொட்டுப் பார்த்த நாளிலிருந்து பழைய மரச் சாமான்களைச் சரிசெய்வதும், அவற்றுக்குப் பொருந்துகிற கம்பளி வேலைகளைத் தைப்பதுமாக இருக்கிறேன்.

வீட்டுக்கு வருகிற தோழிகளும், போட்டோ பார்த்துவிட்டு ஊரிலிருந்து பேசுகிற சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். முதல் பாதி மரம், அடுத்த பாதி கம்பளி.

பிரிமிட்டிவ் ஸ்டைல்னா என்ன? பழைய சாமானெல்லாம் சேர்த்து வச்சா அதுதானா?

அமெரிக்காவில் பழம்பொருள் வியாபாரிகள் 'பிரிமிட்டிவ்' என்று சொல்வது, பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கிராமத்துத் தச்சரோ பண்ணைக்காரரோ தன் தேவைக்குச் செய்த எளிய சாமான்களை. பிலடெல்பியா, பாஸ்டன் போன்ற நகரங்களில் பட்டறை வைத்திருந்தவர்கள் மகோகனியிலும் வால்நட்டிலும் செதுக்கியவை வேறு வகை. பண்ணை வீட்டில் பக்கத்துக் காட்டில் கிடைத்த பைன், பாப்லர்தான். ஒரே மேசையில் மூன்று வகை மரம் இருக்கும். அது தெரியாமலிருக்கப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். காவிச் சிவப்பு, கடுகு மஞ்சள், மங்கின நீலம், பாசிப்பச்சை. இன்றும் இந்த வீடுகளின் நிறங்கள் அவைதான்.

சாமான்களின் பெயரிலேயே அவற்றின் வேலை தெரியும். குழாய் வராத காலத்தில் தண்ணீர்க் குடமும் பேசினும் வைக்க இருந்தது டிரை சிங்க். ஜாம் பாட்டில்களுக்கு ஜெல்லி கப்போர்டு. பை என்கிற பலகாரத்தை வைக்கும் பை சேஃப், நம் ஊர் வலை அலமாரியின் உறவுக்காரர். வலைக்குப் பதிலாகத் தகரத்தில் ஆணியால் நட்சத்திரமும் பூவுமாக ஓட்டை போட்டிருப்பார்கள். காற்று போகும், ஈ போகாது. எதையும் அழகுக்கென்று தனியாகச் செய்யவில்லை, கையிலிருந்ததை வைத்து ஒழுங்காகச் செய்தார்கள். எனக்கு இந்தப் பாணியில் பிடித்ததே அதுதான்.

கடைக்காரர் 150 வருஷப் பழசுன்னு சொல்றார். நம்பலாமா?

சாமானையே கேளுங்கள். டிராயரை வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். ரம்பத்தின் தடம் மேலும் கீழுமாக நேர்கோடுகளாக இருந்தால் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடிய பழைய ரம்பம். வில் போல வளைந்த தடமாக இருந்தால் வட்ட ரம்பம். அது பரவலானது 1830-களுக்குப் பிறகு. அடுத்து ஆணி. கொல்லர் கையால் அடித்ததில் தலை ஒழுங்கற்று இருக்கும். தகட்டிலிருந்து வெட்டிய பட்டை ஆணி 1790-களில் வந்தது. இன்று நாம் வாங்குகிற உருண்டைக் கம்பி ஆணி 1890-களுக்குப் பிறகுதான் பெருகியது. கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ இருந்தால் அந்த ஸ்க்ரூவாவது 1930-களுக்குப் பிந்தியது.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வட்ட மேசையை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மரம் ரேகையின் நீளவாக்கில் சுருங்குவது மிகமிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதனால் உண்மையிலேயே பழைய வட்டப் பலகை கொஞ்சம் முட்டை வடிவமாகியிருக்கும். ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய ஆணியைப் புதுப் பலகையில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று நான்கு அடையாளங்கள் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை என்ன? உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

தேய்க்காதீர்கள். முதல் வேலை ஈயச் சோதனை. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் கலப்பதை 1978-இல்தான் தடை செய்தார்கள். அதற்கு முந்திய பெயிண்ட் எதிலும் ஈயம் இருக்கலாம். உலர்ந்த பெயிண்டைத் தேய்த்தால் அது தூளாகிக் காற்றில் பரவி, தரையில் படிந்து, தவழுகிற குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

ஹார்டுவேர் கடையில் சோதனைக் குச்சிகள் கிடைக்கும். பெயிண்டின் எல்லா அடுக்கும் தெரிகிற மாதிரி ஓர் ஓரத்தில் சிறிதாகக் கீறித்தான் சோதிக்க வேண்டும், மேல் அடுக்கை மட்டும் தொட்டுப் பார்த்துப் பயனில்லை. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு சில்லை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஈயம் இருந்தால் உலரத் தேய்ப்பதும் கூடாது, சூடான காற்றடிக்கும் ஹீட் கன்னும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, மேலே தெளிவான வார்னிஷ் பூசி அடைத்து, கை அதிகம் படாத இடத்தில் வையுங்கள். தொட்டில், குழந்தை நாற்காலி, சாப்பாட்டு மேசை என்றால் நான் வாங்கவே மாட்டேன்.

பழைய பெயிண்ட் அங்கங்கே உரிஞ்சு அசிங்கமா இருக்கே, எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா அடிச்சா என்ன?

செய்யலாம், ஆனால் ஒரு முறைதான் செய்ய முடியும். 150 வருடம் வெயிலும் புகையும் கைகளும் சேர்ந்து உண்டாக்கிய அந்த மேற்பரப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சேகரிப்பவர்களும் முதல் பெயிண்ட் அப்படியே உள்ள சாமானுக்குத்தான் அதிக விலை கொடுப்பார்கள். எடுத்தது எடுத்ததுதான். அதனால் என் வழக்கம், பின்னால் வருகிறவர் திருப்பி எடுக்க முடியாத எதையும் செய்வதில்லை.

முதலில் சுத்தம் மட்டும் செய்து பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, நன்றாகப் பிழிந்த பருத்தித் துணி. பின்பக்கம் ஓர் இடத்தில் துடைத்து, துணியில் நிறம் ஏறவில்லை என்றால் தொடருங்கள். அசிங்கம் என்று நினைத்ததில் பாதி அழுக்குதான் என்று தெரியும்.

முதல் பெயிண்டின் மேல் யாரோ பிற்காலத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்திருப்பதும் உண்டு. எங்கள் வீட்டு ஜெல்லி கப்போர்டு அப்படித்தான் வந்தது. ஈயம் இல்லை என்று ஆய்வகத்தில் உறுதி செய்துகொண்டு, மழுங்கின சுரண்டு கத்தியால் ஒரு சதுர அங்குலத்தில் தொடங்கினேன். வெள்ளை சிறு சிறு செதிலாகக் கழன்று வர, அடியில் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம். தினமும் ஒரு மணி நேரம் என்று முழுக் கப்போர்டுக்கும் இரண்டு மாதம் ஆனது. அவசரப்பட்டு ரசாயனம் ஊற்றியிருந்தால் வெள்ளையோடு நீலமும் போயிருக்கும்.

பெயிண்ட் இல்லை, வார்னிஷ் மாதிரி இருக்கு. அது என்ன பூச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பஞ்சில் டீநேச்சர்டு ஆல்கஹால் (குடிக்க முடியாதபடி ஆக்கிய எரிசாராயம்) தொட்டு மறைவான இடத்தில் வையுங்கள். பிசுபிசுவென்று கரைந்தால் அது ஷெல்லாக். கரையவில்லை என்றால் லாக்கர் தின்னரை வையுங்கள், அதில் இளகினால் லாக்கர் என்கிற வேகமாக உலரும் பூச்சு. இரண்டுக்கும் அசையாதது பழைய எண்ணெய் வார்னிஷாகவோ, பிளாஸ்டிக் போன்ற பாலியூரித்தேனாகவோ இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுச் சாமான் பலவற்றில் ஷெல்லாக்தான். 1920-களில் லாக்கர் வந்த பிறகுதான் அது பின்வாங்கியது.

ஷெல்லாக் வேறெதுவும் இல்லை, நம் அரக்குதான். இந்தியக் காடுகளில் பலாசு போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி விடுகிற பிசின். அங்கிருந்து கப்பலேறி வந்து பென்சில்வேனியா பண்ணை வீட்டு மேசைக்குப் பளபளப்புக் கொடுத்திருக்கிறது. இதில் நல்லது என்னவென்றால், வெடித்துப்போன பழைய ஷெல்லாக்கை உரிக்கத் தேவையில்லை. ஆல்கஹால் தொட்ட தூரிகையால் ரேகைவாக்கில் தடவினால் அதுவே இளகி, பரவி, மறுபடி படிந்துவிடும்.

டிராயருக்குள்ள ஒரு பூஞ்சை வாடை. என்ன பண்ணியும் போகலை.

இரண்டு நாள் நிழலான வெளியில் காற்றாட வையுங்கள். வினிகர் தொட்ட துணியால் துடைத்து மறுபடி உலர்த்துங்கள். அதற்கும் போகாவிட்டால் டிராயரின் உட்புறத்தில் மட்டும் ஷெல்லாக் ஒரு கோட் பூசுங்கள். வாடையை உள்ளேயே அடைத்துவிடும்.

நாற்காலி ஆடுது. ரெண்டு ஸ்க்ரூ போட்டா நின்னுடாதா?

நின்றுவிடும், அடுத்த குளிர்காலம் வரை. மரம் ஈரத்துக்கு விரிந்து வறட்சிக்குச் சுருங்கும். இரும்பு அசையாது. அந்த இழுபறியில் ஸ்க்ரூ போட்ட இடத்திலேயே கால் பிளக்கும். நான் சரிசெய்த நாற்காலிகளில் மிகவும் கெட்டிருந்தவை எல்லாம் முன்பு யாரோ ஸ்க்ரூ போட்டவைதான்.

பழைய இணைப்புகளை ஒட்டியது தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரப் பசை. இதற்கு வெந்நீர் பட்டால் இளகிவிடும் குணம் உண்டு. அது குறையாகத் தெரியலாம், ஆனால் அதனால்தான் அந்த நாற்காலியை இத்தனை தலைமுறை பிரித்துப் பிரித்துச் சரிசெய்ய முடிந்திருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பென்சிலால் எண் போட்டுப் பிரியுங்கள். வெந்நீர்த் துணியால் பழைய பசையைத் துடைத்து, உலரவிட்டு, புதுசாக அதே வஜ்ஜிரம் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். பாட்டிலில் காய்ச்சாமல் பயன்படுத்தும் வகையும் கிடைக்கிறது.

நாங்கள் சைவம், தோல் பசை வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். சரி, வெள்ளைப் பசை போடலாம். ஆனால் பழைய வஜ்ஜிரத்தின் மேல் அது பிடிக்காது, மரம் தெரிகிற வரை சுத்தம் செய்ய வேண்டும். அடுத்த முறை பிரிப்பதும் கடினம்.

சின்னச் சின்ன ஓட்டை, கீழே மாவு மாதிரி கொட்டுது.

மரம் உளுக்கிறது என்று அர்த்தம். வண்டின் புழு உள்ளே தின்று, வண்டாகி வெளியேறிய வழி அந்த ஓட்டை. ஓட்டை மட்டும் இருந்தால் பழைய கதையாக இருக்கலாம். அடியில் கறுப்புக் காகிதம் விரித்துச் சில வாரம் பாருங்கள். வெளிர் மாவு புதிதாக விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அது தெரியும் வரை மற்ற சாமான்களோடு சேர்க்காதீர்கள்.

ஸ்டூல் அளவுச் சின்னச் சாமானென்றால் பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி ஃப்ரீசரில் இரண்டு வாரம். பூச்சில்லாத வெறும் மரத்துக்கு போரேட் கரைசல் பூசலாம். பெயிண்டோ வார்னிஷோ இருந்தால் அது உள்ளே இறங்காது. பெரிய அலமாரி என்றால் பூச்சி ஒழிப்பவரைக் கூப்பிடுவதுதான் சரி.

மில்க் பெயிண்ட்ல நிஜமாவே பால் இருக்கா? எப்படிக் கலக்கணும்?

பாலில் உள்ள கேசின் என்ற புரதம், சுண்ணாம்பு, மண் நிறங்கள். இவ்வளவுதான். இன்று தூளாக விற்கிறார்கள். ஒரு பங்கு தூளுக்கு ஒரு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். நன்றாகக் கலக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் நுரை அடங்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கலக்கியது அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். பால் பொருள்தானே, கெட்டுப்போகும்.

முதல் கோட் திட்டுத் திட்டாக, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். இங்கேதான் எல்லோரும் பயந்து எனக்குப் போன் செய்கிறார்கள். விட்டுவிடுங்கள். உலர்ந்ததும் நைசான உப்புத்தாளால் லேசாகத் தடவி இரண்டாவது கோட் அடியுங்கள். அப்புறம் ஆளிவிதை எண்ணெயோ தேன்மெழுகோ தேய்த்தால், வெளிறிக் கிடந்த நிறம் ஒரே நொடியில் ஆழமாக மாறும். காவிச் சிவப்பில் அந்த மாற்றத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. இது வெறும் மரத்தில் ஊறிப் பிடிக்கிற பெயிண்ட். வார்னிஷ் மேல் அடித்தால் உரியும். உரியாமலிருக்க அதற்கென்று விற்கும் பிணைப்புத் திரவத்தை முதல் கோட்டில் கலக்க வேண்டும்.

புது மேசையைப் பழசு மாதிரி ஆக்க முடியுமா? சங்கிலியால அடிப்பாங்களாமே?

அடிப்பவர்கள் உண்டு, பார்த்தாலே பொய் தெரியும். அந்த மேசையோடு ஒருவர் ஐம்பது வருடம் வாழ்ந்தால் எங்கே தேயும் என்று யோசியுங்கள். குமிழைச் சுற்றி விரல் படும் இடம், முன்விளிம்பு, கால் வைக்கும் குறுக்குக் கட்டை, தரையில் உரசும் அடிப்பக்கம். அங்கே மட்டும் உப்புத்தாள் போடுங்கள். பின்பக்கமும் உள்மூலையும் தேயாது. ஒரு நிறத்துக்கு அடியில் இன்னொரு நிறம் எட்டிப்பார்க்க வேண்டுமானால், முதல் நிறத்தின் மேல் அந்த இடங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு அடுத்ததை அடியுங்கள். மெழுகு உள்ள இடத்தில் மேல் பெயிண்ட் உரிந்துவிடும்.

முடித்ததும் அடியில் உங்கள் பெயரும் வருடமும் எழுதுங்கள். நாளைக்கு யாரும் அதைப் பழம்பொருள் என்று விற்றுவிடக் கூடாது.

எண்ணெய் துடைச்ச துணியைக் குப்பையில போடலாமா?

கூடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு உண்டாகும். கசக்கிப் போட்ட துணிக்குள் அந்தச் சூடு தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே தரையில் தனித்தனியாக விரித்து முறுகலாக உலரவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கம்பளி வேலைக்குத் துணி எங்கே வாங்குறது? கடையில கஜம் விலை மலைக்க வைக்குதே.

புதுத் துணி வாங்கத் தேவையில்லை. பழைய துணிக் கடைகளில் கம்பளிப் பாவாடை, கோட்டு, போர்வையைத் தேடுங்கள். அந்தக் காலப் பெண்கள் செய்ததும் அதுதான், தேய்ந்த கோட்டும் பழைய போர்வையும்தான் அவர்களுக்குத் துணி. பெரிய சைஸ் கட்டம் போட்ட பாவாடை கிடைத்தால் விடாதீர்கள், ஒன்றிலேயே நிறையத் துணி இருக்கும்.

லேபிளில் 100 சதவீதம் கம்பளி என்று இருக்க வேண்டும், குறைந்தது 80. லேபிள் இல்லை என்றால் ஒரு நூலை உருவி, சிங்க் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகிய வாடை வரும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கோட் சூட் தைக்கிற துணி மாதிரி வழவழவென்று இறுக்கமாக நெய்த கம்பளி வேண்டாம், அது அடுத்த பதிலில் சொல்கிற மாதிரி திரளாது.

கம்பளியை வெந்நீர்ல போடக் கூடாதுன்னுதானே சொல்வாங்க? நீங்க போடச் சொல்றீங்க.

போடக் கூடாது என்பதற்கான காரணம்தான் நமக்கு வேண்டியது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, சோப்பு, உலுக்கல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். ஸ்வெட்டருக்கு அது நாசம், நமக்கு அது வரம். அப்படித் திரண்ட துணியை எப்படி வெட்டினாலும் நூல் பிரியாது, ஓரம் மடித்துத் தைக்க வேண்டாம்.

லைனிங், ஜிப், இடுப்புப் பட்டையைப் பிரித்துவிட்டு, நிறம் நிறமாகப் பிரித்து, மெஷினில் வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஓட்டுங்கள். பஞ்சு உதிர்ந்து குழாயை அடைக்காமலிருக்கத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். பிறகு டிரையர். ஓரத்தை வெட்டி விரலால் தேய்த்துப் பாருங்கள், நூல் வந்தால் இன்னொரு சுற்று. ரக் (விரிப்பு) பின்னுவதற்கு மட்டும் அளவோடு நிறுத்துங்கள். அட்டை மாதிரி ஆகிவிட்டால் ஊசி வேலைக்குத்தான் ஆகும்.

பென்னி ரக்னு சொல்றீங்க, தரையில போட்டா தையல் பிய்ஞ்சுடாதா?

பிய்ந்துவிடும், அதனால் தரையில் போடாதீர்கள். பெயரில் ரக் இருந்தாலும் மேசை, பெட்டி, படுக்கை மேல் விரிப்பதற்குத்தான் இதைச் செய்தார்கள். அமெரிக்காவில் 1793 முதல் 1857 வரை அச்சிட்ட பெரிய ஒரு சென்ட் நாணயம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுப் பெரியது. அந்தப் பென்னியை வைத்து வட்டம் வரைந்து வெட்டியதால் இந்தப் பெயர் என்பார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வட்டத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தைப் பிளாங்கெட் ஸ்டிச்சால் தைத்து, வரிசையாகப் பின்துணியில் பொருத்த வேண்டும். சுற்றிலும் நாக்கு வடிவத் துண்டுகள்.

வட்டம் ஒரே மாதிரி வர ஒரு வழி: ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் பூசிய ஃப்ரீசர் பேப்பரில் வரைந்து, பளபளப்பான பக்கம் கீழே இருக்க வைத்து இஸ்திரி போடுங்கள். துணியில் ஒட்டிக்கொள்ளும், அதோடு சேர்த்து வெட்டிவிட்டு உரித்துவிடலாம். ஒரே தாளைப் பல தடவை பயன்படுத்தலாம்.

எனக்குத் தையல் சரியா வராது. பிளாங்கெட் ஸ்டிச் கோணலாப் போகுது.

பெரும்பாலும் ஊசியும் நூலும்தான் காரணம். 22 அல்லது 24 நம்பர் ஷெனில் ஊசி எடுங்கள், கண் பெரியது, முனை கூர்மையானது. 8 நம்பர் பேர்ல் காட்டன் நூல், விரல்நுனியிலிருந்து முழங்கை வரை உள்ள நீளத்துக்கு மேல் வேண்டாம்.

இடது கட்டைவிரலால் வட்டத்தின் ஓரத்தைப் பிடியுங்கள். ஓரத்தை ஒட்டிப் பின்துணியிலிருந்து ஊசியை மேலே எடுங்கள். கால் அங்குலம் உள்ளே, கால் அங்குலம் தள்ளி ஊசியைக் குத்தி, நேராக ஓரத்துக்கு வெளியே கொண்டுவாருங்கள். நூல் ஊசிமுனைக்கு அடியில் இருக்க வேண்டும். இழுக்கும்போது நூல் ஓரத்தில் படுத்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் துணி சுருங்கும், கோணல் வருவது அங்கேதான். வட்டத்தில் ஒவ்வொரு குத்தும் மையத்தைப் பார்த்திருக்க வேண்டும். நடுவில் சோக்கால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் கை தானாகப் பழகும்.

கொஞ்சம் ஏறுமாறாக இருந்தால் இருக்கட்டும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய பென்னி ரக்குகளை உற்றுப் பாருங்கள், ஒரே வட்டத்திலேயே தையலின் இடைவெளி மாறும்.

தரையில போடுற மாதிரி கம்பளி ரக் வேணும். அதுக்கு என்ன செய்யணும்?

அது ஹூக்டு ரக். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்திலும் கனடாவின் கிழக்குக் கரையிலும் வளர்ந்த கலை. கடையில் கார்ப்பெட் வாங்க வசதியில்லாத வீடுகளில், தானியமும் தீவனமும் வந்த சணல் சாக்கைப் பிரித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கந்தல் கம்பளியைப் பட்டையாக வெட்டி, கொக்கியால் வளையம் வளையமாக மேலே இழுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சணல் சாக்கு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இது வீடு வீடாகப் பரவியது. அந்தச் சணல் விளைந்தது வங்காளத்தில். மெய்ன் மாநிலம் பிடிஃபோர்டில் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்ற தகரப் பாத்திர வியாபாரி, 1860-களின் கடைசியில் தகரத்தில் அச்சு வெட்டி, சாக்குத் துணியில் வடிவம் அச்சடித்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பும் பிறகும் பெண்கள் அடுப்புக்கரியால் தாங்களே வரைந்த நாயும் கோழியும் வீடும்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

நீங்கள் சணலில் தொடங்க வேண்டாம், அது காய்ந்து பொடியும். லினன் அல்லது மங்க்ஸ் கிளாத் (தளர்வாக நெய்த பருத்தித் துணி) வாங்குங்கள். பிரிமிட்டிவ் பாணிக்குப் பட்டை கால் அங்குல அகலம், துணி வேலைக்காரர்கள் 8-ஆம் நம்பர் என்பார்கள். நம்பர் என்பது அங்குலத்தின் 32-இல் எத்தனை பங்கு என்ற கணக்கு. கம்பளி எவ்வளவு தேவை என்பதற்கு, ரக்கின் பரப்பைப் போல நான்கிலிருந்து ஐந்து மடங்கு. 2 அடிக்கு 3 அடி ரக் என்றால் 24 முதல் 30 சதுர அடி, அதாவது அகலத் துணியில் சுமார் இரண்டு கஜம்.

பட்டையை இடது கையால் துணிக்கு அடியில் பிடித்து, மேலிருந்து கொக்கியை ஓட்டைக்குள் விட்டு வளையமாக இழுங்கள். வளையத்தின் உயரம் பட்டையின் அகலம் அளவு. தொடங்கும் நுனியும் முடியும் நுனியும் மேலே வந்து நிற்கட்டும், பிறகு வெட்டிவிடலாம். எல்லா ஓட்டையிலும் இழுக்காதீர்கள், ரக் அப்பளம் மாதிரி வளையும். கடைசியில் ஓரத்தை மடித்துப் பருத்தி நாடா வைத்துத் தைத்துவிடுங்கள். சுருட்டி வைக்கும்போது வளையங்கள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும்.

என் கம்பளியெல்லாம் பளிச்னு இருக்கு, பழைய வீட்டு நிறம் வரலையே?

எனக்குப் பிடித்த வழி, நிறங்களுக்குக் கல்யாணம் செய்து வைப்பது. இங்கே ரக் பின்னுகிறவர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். ஒத்துப்போகாத சிவப்பு, ஆரஞ்சு, பழுப்புத் துணிகளை ஒரே பானையில் போட்டு, கொஞ்சம் பாத்திரச் சோப்பு விட்டு மெதுவாகக் கொதிக்க வையுங்கள். சாயம் தண்ணீரில் இறங்கி எல்லாம் கலந்தபின் வினிகர் ஊற்றுங்கள். கலங்கல் மெல்ல மெல்லத் தெளியும், ஒவ்வொரு துணியும் மற்றதன் சாயத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு ஒரே குடும்பமாக வெளியே வரும். இந்தப் பானையைச் சமையலுக்குத் திருப்பி எடுக்காதீர்கள்.

பழுப்புக்கு, இங்கே இலையுதிர் காலத்தில் தெருவோரம் விழுந்து கிடக்கும் கறுப்பு வால்நட்டின் பச்சைத் தோல் போதும். அதை ஊறவைத்துக் கொதிக்கவைத்தால் சாயத்தை நிலைக்கவைக்கும் படிகாரமே இல்லாமல் கம்பளியில் பிடிக்கும். கையிலும்தான், ஒரு வாரம் போகாது. பருத்தித் துணிக்கு டீ டிகாஷன்.

அந்துப்பூச்சி அரிச்சுட்டா? இவ்வளவு உழைப்பும் போச்சே.

அரிப்பது பறக்கிற பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் உள்ள கம்பளிதான் அதற்கு மிகவும் பிடிக்கும். அதனால் பழைய துணிக் கடையிலிருந்து வந்ததை, மேலே சொன்ன வெந்நீர்ச் சலவை முடியும் வரை வீட்டுக்குள் மற்றக் கம்பளியோடு வைக்கவே வைக்காதீர்கள். சலவை செய்ய முடியாத ரக் என்றால் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம், வெளியே ஒரு நாள், மறுபடி ஒரு வாரம். தேவதாரு மரத்துண்டை மட்டும் நம்பாதீர்கள். இருட்டில் மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதுதான் ஆபத்து, எடுத்து உதறிப் பயன்படுத்துகிற கம்பளிக்குப் பூச்சி வருவது குறைவு. தரையில் போட்ட ஹூக்டு ரக்கைக் குளிர்காலத்தில் உலர்ந்த பனிமேல் முகம் கீழாகப் போட்டு லேசாகத் தட்டுவது இந்த ஊர்ப் பழைய வழக்கம். எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் பனியில் ரக்கின் அளவுக்கு ஒரு சாம்பல் நிறச் சதுரம் இருக்கும்.

உடைஞ்ச மெழுகுவர்த்தித் தண்டுல ஊசிமெத்தை வச்சிருக்கீங்களே, அது என்ன?

அதற்கு 'மேக் டூ' என்று பெயர், இருப்பதை வைத்துச் சமாளிப்பது என்று அர்த்தம். விளக்கின் கண்ணாடி உடைந்தால் அடித்தண்டைத் தூக்கி எறியாமல், அதன் தலையில் கம்பளி மெத்தையைத் தைத்துப் பொருத்தி ஊசி குத்தி வைப்பார்கள். மரவேலையில் மிஞ்சியதும் தையலில் மிஞ்சியதும் சேர்கிற இடம் இது, அதனால் புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் இதையே முதலில் கொடுக்கிறேன். உள்ளே நன்றாக உலர்ந்த மரத்தூள் அடைக்கலாம். அரைத்த வால்நட் ஓடும் கனமாக, ஊசிக்கு இதமாக இருக்கும், வீட்டில் கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் மட்டும் வேண்டாம். ஈயச் சாயம் அடித்த மரத்தின் தூளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

ஊர்ல தாத்தாவோட தேக்கு அலமாரி இருக்கு. அதுக்கும் மில்க் பெயிண்ட் அடிக்கலாமா அக்கா?

வேண்டாம்மா. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, மில்க் பெயிண்ட் ஊறிப் பிடிக்காது. அதைவிட முக்கியம், இங்கே பெயிண்ட் அடித்தது மலிவான மரத்தை மறைக்க. தேக்கில் மறைக்க என்ன இருக்கிறது? ஆல்கஹால் சோதனை செய்து பாருங்கள், பழைய அரக்குப் பாலிஷ் என்றால் மேலே சொன்ன மாதிரியே உயிர் கொடுக்கலாம். பிறகு தேன்மெழுகு.

டிராயர் பின்னாடி பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு, பாதி அழிஞ்சிருக்கு. துடைச்சுட்டுப் பாலிஷ் போடலாமா?

துடைக்காதீர்கள். ஈரத்துணிகூடப் படக் கூடாது. இரண்டாவது பதிலில் சொன்ன மாதிரி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, வெவ்வேறு கோணத்தில் போட்டோ எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து போட்டோவில் கறுப்பு வெள்ளையாக்கினால் தெரியலாம். அந்த இடத்தின் மேல் ஓர் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

என் 15 டாலர் பெட்டியின் உள்மூடியில் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ஐந்து எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கோடு போட்டுக் கூட்டியிருக்கிறார்கள், கடைசி எண்ணை ஒரு முறை அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். என்ன கணக்கு என்று தெரியாது. கூட்டிப் பார்த்தேன், திருத்திய விடை சரியாக இருந்தது. அந்தப் பலகையில் இன்று வரை நான் எதுவும் பூசவில்லை.